ஜாவாஸ்கிரிப்ட்டில் ஒரு ஃபங்ஷனை இன்னொரு ஃபங்ஷனிடம் ஒப்படைப்பது எப்படி?

ஜாவாஸ்கிரிப்ட்டில் எண்ணும் எழுத்துச்சரமும் எப்படி ஒரு மதிப்போ, அப்படியே ஃபங்ஷனும், அதாவது பெயர் சொல்லி அழைத்தால் இயங்கும் நிரல் துண்டும், ஒரு மதிப்புதான். அதை மாறியில் வைக்கலாம். இன்னொரு ஃபங்ஷனுக்கு ஆர்கியுமென்டாகவும், அதாவது அழைக்கும்போது தரும் உள்ளீடாகவும், கொடுக்கலாம். 1995-இல் இம்மொழியை உருவாக்கிய பிரெண்டன் ஐக், ஸ்கீம் என்ற நிரல்மொழியிலிருந்து எடுத்துக்கொண்ட பண்பு இது.

முதலில் அடைப்புக்குறியைக் கவனியுங்கள். ‘நினைவூட்டு’ என்று பெயரை மட்டும் எழுதினால் அது ஃபங்ஷனையே குறிக்கும். ‘நினைவூட்டு()’ என்று எழுதினால் ஃபங்ஷன் அக்கணமே இயங்கி, அது திருப்பித் தரும் மதிப்பு அந்த இடத்தில் வந்து நிற்கும். ஆகவே ‘செட்டைம்அவுட்(நினைவூட்டு, 2000)’ என்பது 2 விநாடிக்குப் பிறகு அதை இயக்கச் சொல்கிறது. ‘செட்டைம்அவுட்(நினைவூட்டு(), 2000)’ என்று எழுதிவிட்டாலோ வேலை உடனே நடந்து முடிந்துவிடும். ஃபங்ஷன் எதையும் திருப்பித் தராவிட்டால், டைமருக்குக் கிடைப்பது ‘அன்டிஃபைன்ட்’, அதாவது மதிப்பு எதுவும் இல்லை என்பதைக் குறிக்கும் சொல், மட்டுமே. பிரவுசருக்கு வெளியே ஜாவாஸ்கிரிப்ட்டை இயக்கும் நோட் ஜேஎஸ்ஸில் இதற்கு டைப்எரர் என்ற பிழைச்செய்தி வரும். பிரவுசரிலோ எந்த எச்சரிக்கையும் வராது என்பதால், புதிதாகக் கற்பவர்கள் பிழையை வேறெங்கோ தேடிக்கொண்டிருப்பார்கள். ஃபங்ஷனுக்கு ஒரு மதிப்பையும் சேர்த்துக் கொடுக்க வேண்டுமென்றால், ‘() => நினைவூட்டு("பால்")’ என்று ஆரோ ஃபங்ஷனுக்குள் பொதிந்து கொடுங்கள். இவ்வடிவம் 2015-ஆம் ஆண்டுத் தரத்தில் மொழிக்குள் வந்தது.

பெற்றுக்கொள்ளும் ஃபங்ஷனை நீங்களே ஒருமுறை எழுதிப் பார்ப்பது மிகுந்த பலன் தரும். பட்டியல், சோதனை என்ற இரண்டு பெயர்களை ஏற்கும் ‘தேர்ந்தெடு’ என்றொரு ஃபங்ஷனை எழுதுங்கள். அதனுள் ஒரு லூப் பட்டியலின் உறுப்புகளை ஒவ்வொன்றாக எடுத்து ‘சோதனை(உறுப்பு)’ என்று அழைக்கட்டும். விடை உண்மையானால் அவ்வுறுப்பைப் புதிய அர்ரேயில், அதாவது புதிய பட்டியலில், சேர்க்கட்டும். மொழியிலேயே உள்ள ‘ஃபில்டர்’ என்ற, அர்ரேயோடு சேர்ந்த ஃபங்ஷனான மெத்தடின் சாரம் இவ்வளவுதான். எதைச் சோதிப்பது என்பதை நீங்கள் தீர்மானிக்கிறீர்கள். எப்போது, எத்தனை முறை, என்னென்ன மதிப்புகளுடன் அழைப்பது என்பதைப் பெற்றுக்கொண்ட ஃபங்ஷன் தீர்மானிக்கிறது.

‘மேப்’ பட்டியலின் ஒவ்வோர் உறுப்புக்கும் ஒரு ஃபங்ஷனை அழைத்து விடைகளைப் புதிய அர்ரேயாகத் தரும்; ‘பார்ஸ்இன்ட்’ எழுத்துச்சரத்தை முழு எண்ணாக்கும். இப்பிரிவினையை மறந்தால் என்ன ஆகும் என்பதற்கு ‘["1", "2", "3"].மேப்(பார்ஸ்இன்ட்)’ நல்ல சான்று. 1, 2, 3 என்ற எண்களை எதிர்பார்ப்போம். கிடைப்பதோ 1, NaN, NaN, அதாவது எண்ணல்ல என்பதைக் குறிக்கும் மதிப்பு இரண்டு முறை. ‘மேப்’ தனக்குத் தரப்பட்ட ஃபங்ஷனை உறுப்பு, அதன் வரிசை எண், முழு அர்ரே என மூன்று ஆர்கியுமென்டுகளுடன் அழைக்கிறது. ‘பார்ஸ்இன்ட்’ இரண்டாவது ஆர்கியுமென்டை எண்முறையின் அடிமானமாகக் கொள்ளும் (நாம் வழக்கமாக எழுதும் எண்முறைக்கு 10, இரும எண்முறைக்கு 2). ஆகவே "1" அடிமானம் 0-உடன் செல்கிறது. 0 என்பது அடிமானம் குறிப்பிடப்படாததற்குச் சமம் என்பதால் விடை சரியாகவே வருகிறது. "2" அடிமானம் 1-உடன் செல்கிறது. அப்படியோர் அடிமானத்துக்கு இங்கே இடமில்லை. "3" அடிமானம் 2-உடன் செல்கிறது. இரும எண்முறையில் 3 என்ற இலக்கமே கிடையாது. ‘ச => பார்ஸ்இன்ட்(ச, 10)’ என்று கொடுத்தால் சிக்கல் தீரும். பிறர் எழுதிய ஃபங்ஷனைப் பெயரளவில் அப்படியே ஒப்படைக்கும் முன், அது எத்தனை ஆர்கியுமென்டுகளை ஏற்கும் என்று பார்த்துவிடுவது நல்லது.

ஆப்ஜெக்ட்டின், அதாவது தரவுகளையும் ஃபங்ஷன்களையும் சேர்த்து வைத்த தொகுப்பின், மெத்தடை ஒப்படைக்கும்போது இன்னொரு கவனம் தேவை. ‘கடிகாரம்.காட்டு’ என்று கொடுத்தால் ஃபங்ஷன் மட்டுமே செல்லும், கடிகாரம் உடன் செல்லாது. எனவே எந்த ஆப்ஜெக்ட்டின் மெத்தடாக அழைக்கப்பட்டதோ அதைக் குறிக்கும் ‘திஸ்’ என்ற சொல், உள்ளே கடிகாரத்தைக் குறிக்காது. ‘() => கடிகாரம்.காட்டு()’ என்றோ ‘திஸ்’ஸைக் கடிகாரத்தோடு பிணைத்துவிடும் ‘கடிகாரம்.காட்டு.பைண்ட்(கடிகாரம்)’ என்றோ கொடுங்கள். ஆனால் இவை இரண்டுமே எழுதும் ஒவ்வொரு முறையும் புதியதொரு ஃபங்ஷனை உருவாக்குகின்றன. கிளிக் போன்ற நிகழ்வு நேரும்போது இயங்க வேண்டும் என்று ‘ஆட்இவென்ட்லிஸனர்’ மூலம் இணைத்ததைப் பின்னர் ‘ரிமூவ்இவென்ட்லிஸனர்’ கொண்டு நீக்க வேண்டுமானால் இணைத்த அதே ஃபங்ஷனையே கொடுக்க வேண்டும் என்பதால், முதலிலேயே அதை ஒரு மாறியில் வைத்து, இரண்டு இடத்திலும் அம்மாறியையே பயன்படுத்துங்கள்.