க்ளீன் ஈட்டிங்: உடற்கட்டுக்கான உணவை நம் சமையலறையிலிருந்தே திட்டமிடுவது எப்படி?

ஜிம்மில் சேர்ந்த முதல் வாரத்திலேயே காதில் விழுகிற சொல் ‘க்ளீன் டயட்’. “மாஸ்டர், வயிறு குறையணும்” என்றால் “க்ளீனா சாப்பிடு” என்று பதில் வரும். எது க்ளீன் என்று கேட்டால் வேகவைத்த கோழி நெஞ்சுக்கறி, ஓட்ஸ், முட்டையின் வெள்ளைக்கரு, பிராக்கோலி, சர்க்கரைவள்ளிக்கிழங்கு என்று ஒரு பட்டியல் கிடைக்கும். பட்டியலில் உள்ள எந்த உணவும் கெட்டதல்ல. ஆனால் எதைத் தின்பது என்று சொல்லும் அந்தப் பட்டியல், எவ்வளவு தின்பது என்பதைச் சொல்வதில்லை. இட்லியும் பருப்பும் மீன் குழம்பும் உண்டு வளர்ந்த ஒருவர் அவற்றையெல்லாம் ஏன் கைவிட வேண்டும் என்பதற்கும் அதில் விடை இல்லை.

நானும் அப்படியொரு பட்டியலோடுதான் தொடங்கினேன். கொழுப்பைக் குறைக்கும் ‘கட்டிங்’ காலம் என்று முடிவு செய்து, வெள்ளைச் சர்க்கரையை விட்டுத் தேனுக்கும், பிஸ்கட்டை விட்டுப் பாதாமுக்கும், மாலை நேர வடையை விட்டு வேர்க்கடலை வெண்ணெய்க்கும் மாறினேன். இரண்டு மாதத்தில் எடை இரண்டு கிலோ கூடியிருந்தது. ஒரு சமையலறைத் தராசு வாங்கி எல்லாவற்றையும் நிறுத்துப் பார்த்த பிறகே காரணம் புரிந்தது. இரவில் ஜாடியிலிருந்து இரண்டு கரண்டி என்று எண்ணி எடுத்த வேர்க்கடலை வெண்ணெய், தராசில் 50 கிராம் காட்டியது. அது கிட்டத்தட்ட 300 கலோரி, அதாவது ஒரு தட்டுச் சோற்றுக்குச் சமம். சுத்தமான உணவுதானே என்ற நம்பிக்கையில் அதை நான் கணக்கில் சேர்க்கவே இல்லை.

ஆகவே, ‘க்ளீன்’ என்ற சொல் உணவின் தரத்தைப் பற்றியது, அளவைப் பற்றியது அல்ல என்பதை முதலில் மனத்தில் இருத்திக்கொள்ள வேண்டும். அந்தச் சொல்லுக்குச் சட்டத்திலோ மருத்துவத்திலோ திட்டவட்டமான வரையறை கிடையாது. ஆணழகன் போட்டிக்குத் தயாராகிறவர்களிடையே அது பொதுவாக, தோட்டத்திலிருந்தோ பண்ணையிலிருந்தோ வந்த உருவம் அதிகம் மாறாத உணவைக் குறிக்கிறது. சேர்க்கப்பட்ட சர்க்கரை, மைதா, வனஸ்பதி, பொரித்த பண்டம் ஆகியவற்றை விலக்குவதையும் குறிக்கிறது. பிரேசிலின் சாவோ பாவ்லோ பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த கார்லோஸ் மான்டெய்ரோ 2009-இல் முன்வைத்த ‘நோவா’ வகைப்பாடு இதற்கு ஓரளவு அறிவியல் வடிவம் தந்தது. பதப்படுத்தாத அல்லது சிறிதளவே பதப்படுத்திய உணவு, எண்ணெய், உப்பு போன்ற சமையல் பொருட்கள், பதப்படுத்திய உணவு, தொழிற்சாலையில் அதீதமாகப் பதப்படுத்திய உணவு என்று அது நான்காகப் பிரிக்கிறது. அந்த அளவுகோலின்படி அரிசி, பருப்பு, முட்டை, மீன், வீட்டுத் தயிர் ஆகியவை முதல் வகையில் அடங்கும். ஆனால் ஜிம்மில் எல்லோரும் க்ளீன் என்று கருதும், சுவையூட்டிய ‘வே’ (பால் திரியும்போது பிரியும் நீர்) புரதப் பவுடரோ நான்காம் வகையில் போய் நிற்கும். ஆகவே பெயரை வைத்து ஓர் உணவை முற்றிலும் நல்லதென்றோ முற்றிலும் தீயதென்றோ தீர்த்துவிட முடியாது.

அப்படியானால் தரத்தைப் பார்க்கவே வேண்டாமா என்றால், கட்டாயம் பார்க்க வேண்டும். அமெரிக்க தேசிய சுகாதார நிறுவனங்களைச் சேர்ந்த கெவின் ஹால் தலைமையில் 2019-இல் வெளியான ஆய்வில், 20 பேரை மருத்துவமனையிலேயே தங்க வைத்து, இரண்டு வாரம் அதீதமாகப் பதப்படுத்திய உணவும் இரண்டு வாரம் பதப்படுத்தாத உணவும் கொடுத்தார்கள். பரிமாறிய கலோரி, புரதம், சர்க்கரை, நார்ச்சத்து எல்லாம் இரண்டிலும் ஒத்திருக்கும்படி பார்த்துக்கொண்டு, விருப்பம்போல் உண்ணச் சொன்னார்கள். பதப்படுத்திய உணவு கிடைத்த நாட்களில் அவர்கள் நாளொன்றுக்குச் சுமார் 500 கலோரி கூடுதலாகச் சாப்பிட்டார்கள். இரண்டு வாரத்தில் எடை 0.9 கிலோ ஏறியது. மறுபக்கம், கான்சாஸ் மாநிலப் பல்கலைக்கழகத்தின் ஊட்டச்சத்துப் பேராசிரியர் மார்க் ஹாப் 2010-இல் பெரும்பாலும் கிரீம் கேக், பிஸ்கட் போன்ற கடைத் தின்பண்டங்களையே நாளுக்குச் சுமார் 1800 கலோரி என்ற வரம்பில் உண்டு, பத்து வாரத்தில் 27 பவுண்டு, அதாவது 12 கிலோ எடை குறைந்தார். அதைப் பின்பற்றுமாறு நான் யாருக்கும் சொல்ல மாட்டேன். ஆனால் இந்த இரண்டையும் சேர்த்துப் படித்தால் ஒன்று தெளிவாகும்: எடையை ஏற்றுவதும் இறக்குவதும் அளவுதான், நல்ல உணவின் வேலை, அந்த அளவுக்குள் பசியில்லாமல் நிற்க உதவுவது.

முதலில் அளவு

இரண்டு வாரம் எதையும் மாற்றாமல் வழக்கம்போல் சாப்பிட்டு, சாப்பிட்டதை எல்லாம் ஒரு நோட்டில் எழுதுங்கள். எடை ஏறாமலும் இறங்காமலும் இருந்தால், அந்த நாட்களின் சராசரிக் கலோரியே உங்கள் நிலை அளவு. கொழுப்பைக் குறைக்க அதிலிருந்து 300 முதல் 500 கலோரி வரை கழியுங்கள். தசையை ஏற்றும் ‘பல்க்கிங்’ என்றால் 200 முதல் 300 வரை கூட்டினால் போதும். கண்டதையும் தின்று எடையை ஏற்றிவிட்டுப் பிறகு கரைத்துக்கொள்ளலாம் என்ற ‘டர்ட்டி பல்க்’ முறையில் ஏறுவது பெரும்பாலும் கொழுப்புதான். அதைக் கரைக்கப் பின்னர் பல மாதம் செலவாகும்.

அடுத்தது புரதம். உடல் உழைப்பு அதிகமில்லாதவருக்கு இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் பரிந்துரைப்பது கிலோ எடைக்கு 0.83 கிராம். எடை தூக்கிப் பயிற்சி செய்கிறவருக்கு அது போதாது. 49 ஆய்வுகளைத் தொகுத்து 2018-இல் வெளியான பகுப்பாய்வு, கிலோவுக்கு 1.6 கிராம் அளவுக்கு மேல் தசை வளர்ச்சியில் குறிப்பிடத்தக்க கூடுதல் பயன் இல்லை என்று கண்டது. 70 கிலோ எடையுள்ளவருக்கு அது 112 கிராம். கொழுப்பு, மொத்தக் கலோரியில் 20 முதல் 30 விழுக்காடு வரை இருக்கட்டும். மீதியை மாவுச்சத்துக்கு விடுங்கள். புரதமும் மாவுச்சத்தும் கிராமுக்கு 4 கலோரி, கொழுப்பு 9 கலோரி என்பதை மனப்பாடம் செய்துகொண்டால் கணக்கு எளிதாகும். சிறுநீரகக் கோளாறோ சர்க்கரை நோயோ உள்ளவர்கள் மருத்துவரிடம் கேட்காமல் புரதத்தைக் கூட்டக் கூடாது.

நிறுக்கும்போது பலரும் சறுக்குவது சோற்றில்தான். டயட் சார்ட்டில் “அரிசி 200 கிராம்” என்று எழுதியிருந்தால், அது பச்சையாகவா வெந்த பிறகா என்று கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். 200 கிராம் அரிசியில் 700 கலோரி இருக்கும். 200 கிராம் வெந்த சோற்றில் 260 கலோரிதான். அரிசி வெந்தால் எடை சுமார் மூன்று மடங்காகிறது. கோழியோ நீர் வற்றி, 100 கிராம் கறி 70, 75 கிராமாகச் சுருங்குகிறது. எதையும் சமைக்கும் முன்பே நிறுப்பது என்று ஒரு வழக்கத்தை வைத்துக்கொண்டால் இந்தக் குழப்பமே வராது.

எண்ணெயை இன்னும் கிட்டே சென்று பார்க்க வேண்டும். ஒரு மேசைக்கரண்டி நல்லெண்ணெயில் 120 கலோரி. காலையில் நான்கு இட்லி வைத்து, பொடியில் குழி செய்து தாராளமாக எண்ணெய் ஊற்றினால் இரண்டு மேசைக்கரண்டி எளிதில் இறங்கிவிடும். வீட்டில் வார்க்கும் அளவான இட்லி நான்கிலும் சேர்த்து இருக்கும் கலோரி ஏறத்தாழ அவ்வளவுதான். அதாவது நான்கு இட்லி சாப்பிட்டவர் எட்டு இட்லியின் கலோரியோடு எழுகிறார். பொடியை விட வேண்டியதில்லை. ஒரு தேக்கரண்டி எண்ணெயில் குழைத்துக்கொண்டு, பக்கத்தில் ஒரு கிண்ணம் சாம்பார் வைத்துக்கொண்டால் போதும். தாளிப்பதற்கும் தோசைக்கும் பாக்கெட்டிலிருந்து நேராக ஊற்றாமல் தேக்கரண்டியால் அளந்து ஊற்றுவது என்ற ஒரே மாற்றம், எத்தனையோ பேருக்கு டயட்டையே தேவையில்லாமல் செய்திருக்கும் என்று நான் நம்புகிறேன்.

ஒரு நாள் தட்டு

மேலே சொன்ன 70 கிலோ எடையுள்ளவரையே எடுத்துக்கொள்வோம். காலையில் மூன்று முழு முட்டை, இரண்டு வெள்ளைக்கரு, மூன்று இட்லி என்றால் புரதம் சுமார் 30 கிராம் வந்துவிடும். மதியம் 150 கிராம் தோல் நீக்கிய கோழி நெஞ்சுக்கறியை மிளகும் சின்ன வெங்காயமும் போட்டு வதக்கி, 75 கிராம் அரிசியில் வடித்த சோறு, பருப்புச் சாம்பார், ஒரு கீரை என்று உண்டால் 43 கிராம் சேரும். மாலையில் 50 கிராம் கொண்டைக்கடலையைச் சுண்டலாக்கினால் 10 கிராம். இரவு 150 கிராம் மத்தி மீனைக் குழம்பாகவோ தோசைக்கல்லில் சிறிது எண்ணெயிலோ செய்து, இரண்டு சப்பாத்தியோடு சாப்பிட்டால் 34 கிராம். மொத்தம் 117. இதில் இறக்குமதிச் சரக்கு ஒன்றுமில்லை. மலிவான மத்தியில் ஒமேகா-3 கொழுப்பு நிறைய இருப்பதால், விலையுயர்ந்த சால்மனை நினைத்து ஏங்கவும் வேண்டாம்.

சைவர்களுக்கு இது சற்றுக் கடினம் என்பதை மறைக்கக் கூடாது. சாம்பாரில் பருப்பு இருக்கிறதே என்று பலர் திருப்தி அடைகிறார்கள். நான்கு பேர் வீட்டில் 100 கிராம் துவரம்பருப்பு போட்டால் ஒருவர் பங்குக்கு 25 கிராம், அதிலுள்ள புரதம் ஐந்தரை கிராம்தான். எனவே 50 கிராம் சோயா உருண்டையில் 26 கிராம், 100 கிராம் பன்னீரில் 18, 50 கிராம் பச்சைப் பயறில் 12, அதே அளவு கொண்டைக்கடலையில் 10, ஒரு தம்ளர் பாலிலும் ஒரு கிண்ணம் தயிரிலும் சேர்த்து 12, நாள் முழுவதும் உண்ணும் தானியத்தில் 20 என்று கூட்டிக்கொண்டே போனால்தான் நூறைத் தொட முடியும். குறைகிற இடத்தில் ஒரு ஸ்கூப் வே புரதம் கைகொடுக்கும். அது ஒரு வசதி, அவ்வளவே. முட்டையும் மீனும் சாப்பிடுகிறவர்களுக்கு அது தேவைப்படாமலே போகலாம்.

க்ளீன் என்ற பெயரில் தேவையில்லாமல் தூக்கியெறியப்படுபவை சில உண்டு. முட்டையின் மஞ்சள் கருவில்தான் வைட்டமின் ஏ, டி, கோலின் எல்லாம் இருக்கின்றன. புரதத்திலும் ஐந்தில் இரண்டு பங்குக்கு மேல் அதில்தான். கலோரியைக் குறைக்கச் சிலவற்றின் மஞ்சள் கருவை நீக்கலாம், எல்லாவற்றிலும் நீக்குவதற்குக் காரணமில்லை. வெள்ளைக்கருவைப் பச்சையாகக் குடிப்பதும் வேண்டாம்; வெந்த முட்டையின் புரதத்தையே உடல் நன்றாக ஈர்த்துக்கொள்கிறது. உப்பும் அப்படித்தான். நாளுக்கு 5 கிராமுக்குள் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் வரம்பு. அதற்காக, நம் வெயிலில் வியர்த்து ஒழுகப் பயிற்சி செய்கிறவர் உப்பே இல்லாத கோழியைத் தின்றால் தலைசுற்றலும் சோர்வும்தான் வரும். வெள்ளை அரிசிக்கும் கைக்குத்தல் அரிசிக்கும் கலோரியில் பெரிய வேறுபாடு இல்லை. பின்னதில் நார்ச்சத்து அதிகம், முன்னது எளிதில் செரிக்கும். அதனால் பயிற்சிக்கு முன்னும் பின்னும் வெள்ளைச் சோறு சாப்பிடுவதில் தவறில்லை. இதற்கு நேர்மாறாக, கருப்பட்டி, நாட்டுச் சர்க்கரை, தேன் ஆகியவற்றுக்குக் கிடைக்கும் சலுகை அளவுக்கு மீறியது. கலோரிக் கணக்கில் அவை சர்க்கரைக்கு மிக அருகில் நிற்பவை. சிறுதானியமும் எடை குறைக்கும் மருந்தல்ல; கேழ்வரகின் கால்சியத்துக்காகவும் கம்பின் நார்ச்சத்துக்காகவும் உண்ணுங்கள், ஆனால் அரிசியை நிறுப்பதுபோலவே அதையும் நிறுத்து உண்ணுங்கள்.

பிராக்கோலி கிடைத்தால் வாங்கலாம், கட்டாயம் இல்லை. ஒரு கட்டு முருங்கைக்கீரை, சுரைக்காய், புடலங்காய், வெண்பூசணி, கொத்தவரங்காய் ஆகியவை குறைந்த கலோரியில் தட்டை நிரப்புகின்றன. கட்டிங் காலத்தின் பசியைத் தாங்குவதற்கு இவற்றை விடச் சிறந்த துணை இல்லை. காய்கறியைக் குறைத்துக் கறியை மட்டும் கூட்டியவர்கள் மலச்சிக்கலால் அவதிப்படுவதை எல்லா ஜிம்மிலும் பார்க்கலாம். பல்க்கிங் செய்யும் ஒல்லியான உடல்காரருக்கு நிலைமை தலைகீழ்: காய்கறியாலேயே வயிறு நிரம்பிவிட்டால் தேவையான கலோரி உள்ளே போகாது. அவர் சோற்றையும் வாழைப்பழத்தையும் வேர்க்கடலையையும் கூட்டிக்கொள்ள வேண்டும்.

கடையில் வாங்கும்போது பொட்டலத்தின் முன்பக்கத்தைப் படிக்க வேண்டாம், பின்பக்கத்தைத் திருப்புங்கள். சேர்மானங்கள் எடை வரிசையில்தான் அச்சிடப்பட வேண்டும் என்பது விதி. ‘மல்டிகிரெய்ன்’ என்ற பிஸ்கட்டில் முதல் பெயர் மைதாவாக இருந்தால் அது மைதா பிஸ்கட்தான். வேர்க்கடலை வெண்ணெயில் வேர்க்கடலையைத் தவிர வேறெதுவும் தேவையில்லை. இரண்டாம், மூன்றாம் இடத்தில் சர்க்கரையும் ஹைட்ரஜனேற்றிய எண்ணெயும் இருந்தால் திரும்ப வைத்துவிடுங்கள். கலோரியை 100 கிராமுக்கான பத்தியில் பாருங்கள். ‘ஒரு பரிமாறலுக்கு’ என்ற பத்தி, யாரும் அவ்வளவு குறைவாக உண்ணாத ஓர் அளவுக்குப் போடப்பட்டிருக்கலாம்.

இன்னொன்றையும் அக்கறையோடு சொல்ல வேண்டும். உணவின் தூய்மையைப் பற்றிய கவலையே நோயாகிவிடும் நிலைக்கு ‘ஆர்த்தோரெக்சியா’ என்று 1997-இல் ஸ்டீவன் பிராட்மன் என்ற அமெரிக்க மருத்துவர் பெயரிட்டார். அக்காள் மகள் கல்யாணப் பந்தியில் உட்காராமல் டப்பாவைத் திறக்கிறவர்களையும், ஒரு துண்டு மைசூர்பாகு தின்றதற்காக மறுநாள் முழுவதும் பட்டினி கிடக்கிறவர்களையும் நான் அறிவேன். வாரத்தில் நீங்கள் உண்ணும் உணவில் எட்டில் ஏழு பங்கு வீட்டுச் சமையலாக, அளந்ததாக இருந்தால், மீதி ஒரு பங்கு உங்கள் உடற்கட்டைக் கெடுத்துவிடாது. பந்தியில் உட்காருங்கள், பாயசத்தை ஒரு முறை வாங்கிக்கொள்ளுங்கள், மறுநாள் வழக்கமான தட்டுக்குத் திரும்புங்கள்.

தினமும் காலைக்கடன் முடித்து, எதுவும் குடிக்கும் முன் எடை பார்த்து எழுதி, ஏழு நாள் சராசரியை மட்டும் ஒப்பிடுங்கள். ஒரு நாள் ஏற்ற இறக்கம் பெரும்பாலும் தண்ணீர்தான். கட்டிங் காலத்தில் வாரத்துக்கு உடல் எடையில் அரை முதல் ஒரு விழுக்காடு வரை இறங்கினால் போதும். அதற்கு மேல் வேகமாக இறங்கினால் தசையும் சேர்ந்து போகும். இரண்டு வாரமாக முள் நகரவில்லை என்றால் அரை கப் சோற்றையோ ஒரு மேசைக்கரண்டி எண்ணெயையோ குறையுங்கள். முட்டையிலும் மீனிலும் கீரையிலும் கை வைக்காதீர்கள்.