தருமபுரி, கிருஷ்ணகிரிக்கு சி.எஸ்.ஆர். பணத்தோடு வருகிறவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

2013-ஆம் ஆண்டு கம்பெனிச் சட்டத்தின் 135-ஆவது பிரிவுப்படி, நிகர லாபம் 5 கோடி ரூபாயைத் தொட்ட கம்பெனி (அல்லது 1,000 கோடி விற்றுமுதலோ 500 கோடி நிகர மதிப்போ உள்ளது) முந்தைய மூன்றாண்டு சராசரி லாபத்தில் 2 சதவீதத்தைச் சமூகப் பணிக்குச் செலவிட வேண்டும். சி.எஸ்.ஆர். (கம்பெனிகளின் சமூகப் பொறுப்பு) பணம் என்பது இதுதான். ஓசூர் சிப்காட்டைச் சுற்றி இத்தனை ஆலைகள் இருக்கையில் பணம் வரத்தான் செய்யும். அது எங்கே வீணாகிறது என்று பார்ப்போம்.

பெரிய தவறு, சோதிக்காமல் தண்ணீரில் கை வைப்பது. இந்த இரு மாவட்டங்களிலும் பல இடங்களில் நிலத்தடி நீரில் ஃபுளோரைடு அதிகம். பிள்ளைகளின் பல்லில் பழுப்புக் கறை விழும். ஆண்டுக்கணக்கில் குடித்தால் மூட்டும் முதுகும் விறைக்கும். காவிரி நீரைக் குழாயில் கொண்டுவரும் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் வந்ததே இதனால்தான். இங்கே ஒரு பள்ளிக்கு கேண்டில் ஃபில்டர் வாங்கிக் கொடுத்து போட்டோ எடுத்துக்கொண்டால் என்ன பயன்? அது கலங்கலை வடிகட்டும், ஃபுளோரைடை அப்படியே விட்டுவிடும். காய்ச்சினாலும் போகாது, தண்ணீர் சுண்டச் சுண்ட அளவு கூடும். ஆர்.ஓ. வைத்தால் குறையும், ஆனால் கழிவு நீரில் அதே ஃபுளோரைடு இன்னும் செறிவாக வெளியே வரும். அதைப் பக்கத்துக் குட்டையில் விடுவதா? உள்ளே வடிகட்டும் மெம்பிரேனை மாற்றுவது யார், கரண்ட் பில் யார் தலையில்? இதையெல்லாம் ஊராட்சியோடு எழுதிக்கொள்ளாமல் ரிப்பன் வெட்டினால் சீக்கிரமே பூட்டுதான் தொங்கும். முதலில் நீரைச் சோதியுங்கள்: லிட்டருக்கு 1 மில்லிகிராம் வரை நல்லது, வேறு வழியில்லாவிட்டால் 1.5 வரை. ஒகேனக்கல் குழாய் அந்த ஊருக்கு வந்திருந்தால், பழுதான மேல்நிலைத் தொட்டியைச் சரிசெய்வதே போதும்.

அடுத்தது, உதவியோடு விற்பனையைக் கலப்பது. இலவச முகாமில் சொந்தச் சரக்குக்கு பேனர் கட்டிவிட்டு, செலவை சி.எஸ்.ஆர். கணக்கில் எழுத முடியாது. விளம்பர லாபத்துக்கான ஸ்பான்சர்ஷிப் அதில் சேராது என்று விதியே சொல்கிறது. ஏழைகளிடம் விற்பது குற்றமில்லை. கடலூரில் தொடங்கிய ஷாம்பு பாக்கெட் கூலிக்காரர் வீடு வரை போனது வியாபாரமாகத்தான். விற்கிறோம் என்று சொல்லியே விற்கலாம்.

அப்படி விற்க வருகிறவர்கள் சறுக்கும் இடம் தவணை. மாதா மாதம் 5-ஆம் தேதி கட்டு என்றால் யாரால் முடியும்? பெங்களூரு கட்டட வேலைக்குப் போனவருக்கு வாரக் கூலி. மாங்காய்க்காரருக்குப் பணம் வருவது சீசனில். பாலுக்கு சொசைட்டி பட்டுவாடா நாளில். பணம் கையில் வரும் நாளைக் கேட்டுத் தவணையை வையுங்கள்.

மகளிர் குழுக்களைச் சம்பளமில்லாத ஏஜென்ட் ஆக்குவதும் வேண்டாம். தமிழ்நாட்டில் அந்த இயக்கம் 1989-இல் தொடங்கியதே தருமபுரியில்தான். சரக்கு தேங்கினாலும் கடன் நின்றாலும் கெட்டுப்போவது குழுவுக்குள் இருக்கும் நம்பிக்கை. கமிஷன், விற்காத சரக்கைத் திரும்ப எடுக்கும் பொறுப்பு இரண்டையும் முதலிலேயே பேசிவிடுங்கள்.

அப்புறம், நிதியாண்டு முடிவதற்குள் பணத்தைத் தீர்த்துவிட வேண்டும் என்ற மார்ச் மாத அவசரம். தொடர்ந்து நடக்கும் திட்டத்தின் மீதிப் பணத்தை நிதியாண்டு முடிந்து 30 நாளுக்குள் தனிக் கணக்கில் போட்டுவிட்டால், செலவழிக்க மூன்று நிதியாண்டு அவகாசம் உண்டு. அஞ்செட்டி, பென்னாகரம் மலைக்கிராமங்களில் நிதானமாக வேலை செய்ய அது தாராளம்.