வெயில் காலத்தில் வீட்டிலேயே பீட்சா: மாவைக் குளிர்ச்சியாக வைத்துச் செய்யும் முறை

பீட்சா செய்முறைகளில் பெரும்பாலானவை, பிசைந்த மாவை ‘அறை வெப்பநிலையில்’ சில மணி நேரம் மூடி வைக்கச் சொல்கின்றன. அந்த அறை 22 டிகிரி செல்சியஸில் இருக்கும் என்று எழுதியவர் எண்ணியிருப்பார். கோடையிலோ சமையலறை 34 டிகிரியை எளிதாகத் தொட்டுவிடும். வெப்பம் 8 முதல் 10 டிகிரி ஏறினாலே ஈஸ்ட்டின் வேகம் ஏறத்தாழ இரண்டு மடங்காகிவிடும் என்பதால், அதே செய்முறை கோடையில் வேறு விதமாக முடிகிறது. இதை அறியாமல் ஒரு கோடையில் காலையில் பிசைந்த மாவை மாலை வரை மேடையிலேயே விட்டுவிட்டேன். மூடியைத் திறந்ததும் சாராய வாடை அடித்தது. கையில் எடுத்து விரித்தால் நனைந்த காகிதம்போலக் கிழிந்தது. ஆகவே, ஓவனுக்குள் போகும் வரை மாவைச் சூடுபடாமல் காப்பதே இங்கே முக்கியமான வேலை.

25 சென்டிமீட்டர் அகலமுள்ள மூன்று பீட்சாக்களுக்கு 500 கிராம் மைதா, 310 மில்லி தண்ணீர், 10 கிராம் உப்பு, 1 கிராம் இன்ஸ்டன்ட் ஈஸ்ட், இரண்டு தேக்கரண்டி ஆலிவ் எண்ணெய் ஆகியவை போதும். ஒரு கிராம் ஈஸ்ட் என்பது கால் தேக்கரண்டியைச் சற்றே மிஞ்சும் அளவு. இது மிகக் குறைவாகத் தோன்றினாலும், மாவு ஒரு நாள் முழுவதும் குளிர்பதனப் பெட்டியில் மெதுவாகப் புளிக்கப்போவதால் இதற்கு மேல் தேவையில்லை.

தண்ணீர் எவ்வளவு குளிர்ச்சியாக இருக்க வேண்டும் என்பதற்கு ரொட்டி சுடுபவர்கள் எளிய கணக்கு ஒன்று வைத்திருக்கிறார்கள். பிசைந்து முடித்த மாவு 25 டிகிரியில் இருக்க வேண்டுமானால், 25ஐ மூன்றால் பெருக்கி, வரும் 75இலிருந்து அறையின் வெப்பத்தையும் மைதாவின் வெப்பத்தையும் கழிக்க வேண்டும். இரண்டும் 34 என்றால் மிச்சம் 7. பிசையும்போது கை உராய்வால் ஏறும் சூட்டுக்காக இன்னும் இரண்டைக் கழித்தால், தண்ணீர் 5 டிகிரியில் இருக்க வேண்டும் என்று தெரிகிறது. வெப்பமானி இல்லாதவர்கள் குளிர்பதனப் பெட்டியில் வைத்து நன்கு குளிர்ந்த தண்ணீரை எடுத்துக்கொண்டால் போதும். குளிர்ந்த நீரில் ஈஸ்ட் செத்துவிடுமோ என்று அஞ்ச வேண்டியதில்லை. குளிரில் அது மந்தமாகுமே தவிர, மடிவதில்லை. ஆனால் இன்ஸ்டன்ட் ஈஸ்ட்டைப் பனிக்கட்டி நீரில் நேரடியாகக் கரைக்காமல், முதலில் மைதாவுடன் கலந்துகொள்வது நல்லது.

அதன்பின் தண்ணீரை ஊற்றி, உலர்ந்த மாவு எங்கும் தெரியாதபடி கையால் கிளறி, 20 நிமிடம் மூடி வையுங்கள். இந்த இடைவெளியில் மாவு நீரை உறிஞ்சித் தானாகவே இழுவைத்தன்மை பெறத் தொடங்குவதால், பிசையும் வேலை பாதியாகக் குறைகிறது. பிறகு உப்பும் எண்ணெயும் சேர்த்து எட்டு முதல் பத்து நிமிடம் பிசையுங்கள். தொடக்கத்தில் கையில் ஒட்டும். அப்போது மேலும் மைதாவைத் தூவ வேண்டும் என்ற ஆசை வரும், தூவ வேண்டாம். அதற்குப் பதில் மாவைப் பாத்திரத்தோடு 15 நிமிடம் குளிர்பதனப் பெட்டியில் வைத்தெடுத்தால் ஒட்டுவது பெரும்பாலும் அடங்கிவிடும். ஒரு சிறு துண்டைக் கிள்ளி இழுத்தால், வெளிச்சம் ஊடுருவும் மெல்லிய ஏடாக அது விரிய வேண்டும்.

மாவை மூன்று உருண்டைகளாகப் பிரித்து, எண்ணெய் தடவிய மூடியுள்ள டப்பாக்களில் வைத்து, உடனே குளிர்பதனப் பெட்டியில் 24 மணி நேரம் விட்டுவிடுங்கள். 48 மணி நேரம் வைத்தால் சுவை இன்னும் கூடும். சுடுவதற்கு 30 அல்லது 40 நிமிடங்களுக்கு முன்பு வெளியே எடுத்தால் கோடையில் போதுமானது.

அடுத்த எதிரி நீர். பழுத்த தக்காளி 400 கிராம் எடுத்து, அடியில் சிலுவைபோலக் கீறி, கொதிநீரில் அரை நிமிடம் போட்டெடுத்தால் தோல் எளிதில் உரியும். விதையை நீக்கிக் கையால் நசுக்கி, உப்புச் சேர்த்து 20 நிமிடம் வடிகட்டியில் வையுங்கள். இதை வேகவைக்க வேண்டியதில்லை; ஓவனில் வேகும் சில நிமிடங்களே போதும், புதுத் தக்காளியின் மணமும் அப்படியே நிற்கும். புதிய மொசரெல்லா சீஸையும் பிய்த்துத் துணியில் சுற்றி ஒரு மணி நேரம் குளிரில் வடியவிடுங்கள். இதைச் செய்யாமல் போட்டால் பீட்சாவின் நடுவே குளம் கட்டும்.

இத்தாலியின் நேப்பிள்ஸ் நகரத்து விறகு அடுப்புகள் 430 டிகிரிக்கு மேல் கனன்று, ஒன்றரை நிமிடத்துக்குள் பீட்சாவைச் சுட்டுவிடுகின்றன. வீட்டு ஓவன் பெரும்பாலும் 250 டிகிரியோடு நின்றுவிடுவதால், அந்தக் குறையைக் கனமான தட்டைக் கொண்டு ஈடுகட்டுகிறோம். தட்டைக் கவிழ்த்து மேல் அடுக்கில் வைத்து, உச்ச வெப்பத்தில் 40 நிமிடம் காயவிடுங்கள். வீடு தகிக்காமல் இருக்க இதை இருட்டிய பிறகு செய்வதே என் வழக்கம்.

ரவை தூவிய பலகையில் உருண்டையை வைத்து, விரல் நுனிகளால் நடுவிலிருந்து ஓரத்தை நோக்கி அழுத்தி விரியுங்கள். ஓரத்தில் ஒன்றரை சென்டிமீட்டர் தொடாமல் விட்டால்தான் அது உப்பும். சப்பாத்திக் குழவியால் தேய்த்தால் உள்ளிருக்கும் காற்றெல்லாம் வெளியேறிவிடும். இரண்டு மேசைக்கரண்டி தக்காளியையும் 80 கிராம் மொசரெல்லாவையும் பரப்பி, மாவு பலகையில் ஒட்டிக்கொள்வதற்குள் சூடான தட்டின்மேல் தள்ளிவிடுங்கள். ஏழு முதல் ஒன்பது நிமிடத்தில் ஓரம் பொன்னிறமாகி ஆங்காங்கே கருகும். துளசி இனத்தைச் சேர்ந்த பேசில் இலைகளை, பீட்சாவை வெளியே எடுத்த பிறகே போடுங்கள். முன்பே போட்டால் கருகிக் கசக்கும்.

ஓவனே வேண்டாம் என்பவர்கள், அடிகனமான இரும்பு வாணலியை மிதமான தீயில் காயவைத்து, விரித்த மாவை இரண்டு நிமிடம் வேகவிட்டுத் திருப்பிப் போட்டு, சிவந்த பக்கத்தின்மேல் தக்காளியையும் சீஸையும் பரப்பி, மூடியிட்டுச் சிறுதீயில் ஐந்து நிமிடம் வையுங்கள். ஓரம் அவ்வளவாக உப்பாது. ஆனால் அடி மொறுமொறுப்பில் குறையிருக்காது. மிஞ்சிய உருண்டைகளை உறைநிலைப் பெட்டியில் ஒரு மாதம் வரை வைத்திருக்கலாம். தேவைப்படும் நாளுக்கு முந்தைய இரவே அவற்றைக் குளிர்பதனப் பெட்டியின் கீழ்த்தட்டுக்கு மாற்றிவிடுங்கள்.