மட்டக்களப்பிலிருந்து கொழும்புக்குக் குடும்பத்தோடு குடிபெயர

முதலில் வீட்டைப் பாருங்கள், சாமானைப் பிறகு கட்டலாம். வெள்ளவத்தையில் வாடகை கட்டுப்படியாகாவிட்டால் தெஹிவளை, வத்தளைப் பக்கம் தேடுங்கள். கொலன்னாவை, வெல்லம்பிட்டியில் வாடகை குறைவென்றால் காரணம் இருக்கிறது: 2016இல் களனி கங்கை பெருகி அங்கே வீடுகள் மூழ்கின. அலுமாரியை நகர்த்திச் சுவரைப் பாருங்கள். முழங்கால் உயரத்தில் பழுப்புக் கோடு தெரிந்தால், பெயின்ட் உப்பியிருந்தால், அந்த வீடு வேண்டாம்.

பெரிய செலவு அட்வான்ஸ். ஆறு மாதம், ஒரு வருட வாடகையைக்கூட மொத்தமாகக் கேட்பார்கள். அது மாதாமாதம் கழியுமா, போகும்போது திரும்புமா என்பதை ஒப்பந்தத்தில் எழுதிக் கையெழுத்து வாங்குங்கள். வாய்ப்பேச்சை நம்பித்தான் பலர் காசை இழக்கிறார்கள்.

அனெக்ஸ் (வீட்டுக்காரரின் வீட்டோடு சேர்ந்த தனிப்பகுதி) என்றால் மின்சார மீட்டர் தனியா என்று கேளுங்கள். அலகு கூடக்கூடக் கட்டண வீதமும் ஏறும். இரண்டு குடும்பம் ஒரே மீட்டரில் இருந்தால், சிக்கனமாகப் பாவிப்பவரும் கூடிய வீதத்திலேயே கட்ட வேண்டிவரும்.

லொறிக்கு, கொழும்பிலிருந்து சாமான் கொண்டுவந்து இறக்கிவிட்டு வெறுமையாகத் திரும்பும் வண்டியைக் கடைக்காரர்களிடம் விசாரியுங்கள். தனி லொறியைவிட மலிவாகப் பேசலாம். பழைய மரக்கட்டிலை விற்றுவிடுங்கள்; ஒடுங்கிய மாடிப்படியில் அது ஏறாது.

பிள்ளைகளின் விடுகைப் பத்திரத்தை எடுக்கமுன், புதிய பாடசாலையில் இடம் உறுதியா என்று பாருங்கள். போய்ச் சேர்ந்ததும் கிராம சேவகரிடம் பதிந்து, வாக்காளர் இடாப்பிலும் பெயரை மாற்றுங்கள். பாடசாலையில் முதலாம் தர அனுமதிக்கு, இடாப்பில் பெயர் இருக்கும் வருடங்களுக்குப் புள்ளி உண்டு.