பேய்ப் படத்துக்கு ஒரு சமையலறை போதும்

வெள்ளைப் புடவை, தலைவிரி கோலம், கொலுசுச் சத்தம் எல்லாவற்றையும் முதலில் ஓரங்கட்டுங்கள். நான் பயத்தைத் தேடுவது சமையலறையில்தான். என் குறும்படத்தில் ராத்திரி பதினோரு மணிக்குப் பேய் வருகிறது. மாவாட்டிக்கொண்டிருப்பவள் திரும்பிக்கூடப் பார்க்காமல், "வந்ததுதான் வந்தே, அந்தப் பாத்திரத்தைக் கழுவி வை" என்கிறாள். (அந்த நேரம்வரை வேலை பார்ப்பவளுக்குப் பேயெல்லாம் ஒரு பொருட்டா!) இதைச் சிரிப்புக்காக நடிக்கக் கூடாது, அலுப்பில் சொல்ல வேண்டும். வசனம் முடிந்ததும் கட் பண்ணாமல் பேயின் முகத்தில் இரண்டு விநாடி நில்லுங்கள். சிரிப்பு அங்கேதான் வரும்.

கேமராவுக்குச் செல்போன் போதும். நம்ம ஊர் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ் என்பதால் ஷட்டர் வேகத்தை (ஒவ்வொரு ஃபிரேமும் வெளிச்சத்தைப் பிடிக்கும் நேரம்) 1/50 விநாடியில் வைத்தால் டியூப்லைட் வெளிச்சம் துடிக்காது. எக்ஸ்போஷரையும் (படத்தின் வெளிச்ச அளவு) மாறாதபடி லாக் செய்யுங்கள், இல்லாவிட்டால் போன் தானாகவே இருட்டை வெளுக்க வைத்துவிடும். கிரைண்டர் ஃபிரேமுக்கு வெளியே, அணைத்தபடி இருக்கட்டும். ஓடவிட்டால் வசனம் கேட்காது. அதன் சத்தத்தைத் தனியாகப் பதிந்து எடிட்டில் சேருங்கள். அப்புறம், பேய் வாசலுக்கு வரும்போது அந்தக் கிரைண்டர் சத்தத்தைச் சட்டென்று நிறுத்துங்கள். எந்தப் பின்னணி இசையும் அவ்வளவு பயமுறுத்தாது.

நீளம் பத்து நிமிடத்தைத் தாண்ட வேண்டாம். ஆஸ்திரேலிய இயக்குநர் ஜெனிஃபர் கென்ட் 2005இல் எடுத்த 'மான்ஸ்டர்' குறும்படம் ஏறக்குறைய அவ்வளவுதான். அதை வளர்த்துத்தான் 2014இல் 'தி பாபடூக்' என்ற முழுநீளப் பேய்ப் படத்தை எடுத்தார்.