கப்பலுக்கு எத்தனை நொடி மிச்சம்? நீங்களே கணக்குப் போடலாம்
குமரி மாவட்டத்து நீரோடிக் கடற்கரையில் நின்று பாருங்கள், தூரம் போகிற படகின் அடிப்பகுதிதான் முதலில் மறையும், பூமியின் வளைவு அப்படி. கடலை ஒட்டித் தாழப் பறந்து கப்பலைத் தாக்க வரும் ஏவுகணையைத் தேடும் கப்பல் ரேடாருக்கும் இதே கதிதான், வளைவுக்கு அப்பால் இருப்பது அதற்குத் தெரியாது. எவ்வளவு தூரத்தில் தெரியும்? ரேடாரின் உயரம், ஏவுகணை பறக்கும் உயரம் இரண்டையும் மீட்டரில் எடுத்து, தனித்தனியே வர்க்கமூலம் கண்டு, கூட்டி, 4.12-ஆல் பெருக்குங்கள், கிலோமீட்டரில் விடை வரும். ரேடார் 25 மீட்டர், ஏவுகணை 9 மீட்டர் என்றால் 5-ம் 3-ம் 8, ஆக சுமார் 33 கிலோமீட்டர் தூரத்தில்தான் ஏவுகணை ரேடாருக்கு முதலில் தெரியும்.

சரி, இனி வேகம். நம் பக்கத்துத் திருவனந்தபுரத்திலும் தொழிற்சாலை உள்ள பிரமோஸ் ஏவுகணைக்கு ஒலியைப்போல் 2.8 மடங்கு வேகம், நொடிக்கு ஏறக்குறைய 950 மீட்டர். 33 கிலோமீட்டரை இதால் வகுத்தால் சுமார் 35 நொடி! ஒலியைவிட மெதுவான ஏவுகணை என்றால் சுமார் இரண்டு நிமிடம் கிடைக்கும். இந்த 35 நொடிக்குள் கண்டுபிடித்து, உறுதிசெய்து, எதிர் ஏவுகணையும் விட வேண்டும், அதனால்தான் உயரத்திலிருந்து பார்க்கும் ரேடார் ஹெலிகாப்டர் கடற்படைக்கு அவ்வளவு முக்கியம்.