டிஸ்சார்ஜ் தாளில் மூன்று வரிகள்

மலேசியாவில், சுங்கை சிப்புட்டில் கிளினிக் நடத்துகிறேன். ரப்பர் மரத்தில் பால் வெட்டி ஓய்ந்த ஒரு பாட்டி, இதயச் செயலிழப்புக்காக வார்டில் இருந்துவிட்டு வீடு திரும்பிய நான்காம் நாள், தலைசுற்றலோடு வந்தார். மருந்துப் பையை மேசையில் கொட்டினார். வீட்டில் ஏற்கெனவே இருந்த லாசிக்ஸ், ஆஸ்பத்திரி தந்த ஃப்ரூசமைட். இரண்டும் உடம்பில் சேர்ந்த நீரைச் சிறுநீராக வெளியேற்றும் ஒரே மாத்திரைதான். "பேரு வேறயா இருந்துச்சே ஐயா" என்றார். இரண்டையும் விழுங்கியிருக்கிறார். டிஸ்சார்ஜ் தாளில் மருந்துப் பட்டியல் இருந்தது. பழையதில் எதை நிறுத்த வேண்டும் என்பது மட்டும் இல்லை.

வார்டு டாக்டரைப் போனில் பிடித்தேன். பாவம், அந்தத் தாளை வெளியே யார் படிக்கிறார்கள் என்று அவரிடம் யாரும் சொன்னதே இல்லை. பேசி மூன்று வரி சேர்த்தோம்: புதிதாகத் தந்தது, நிறுத்தியது, அளவு மாற்றியது. ஒவ்வொன்றுக்கும் காரணம். அதற்குக் கீழே வீடு திரும்பும் நாளின் எடை, ரத்தத்தில் கிரியேட்டினின் (சிறுநீரகம் எப்படி வேலை செய்கிறது என்று காட்டுவது), பொட்டாசியம் அளவுகள், அடுத்த ரத்தப் பரிசோதனை எப்போது, யார் எடுப்பது. எனக்கு அந்த எடைதான் பெரிய உதவி. மூன்று நாளில் 2 கிலோ ஏறினால் உடம்பில் நீர் சேர்கிறது என்று சந்தேகப்படலாம்.

அப்புறம், 'நிறுத்தியது' வரியை நர்ஸ் தமிழிலும் எழுதித் தருகிறார். அடுத்த முறை வார்டிலிருந்து வந்த பாட்டி, முதலில் அந்த வரியில்தான் விரல் வைத்துக் காட்டினார்.